ஸ்பானிஷ் பேசுவோருக்கு ஆங்கிலம் சொல்லித்தர நம் தமிழே போதிய வழிகாட்டி

காரைக்குடியில் காலை ஆறு மணியாகும்போது கொலம்பியாவின் பொகோட்டாவிலும் பெருவின் லிமாவிலும் முந்தைய நாள் மாலை ஏழரை மணி. வேலை முடிந்து வீடு திரும்பிய ஸ்பானிஷ் மொழிக்காரர்கள் ஆங்கிலம் படிக்க உட்காருவதற்கு வசதியான அந்த நேரத்தில், இணையவழியே அவர்களுக்குக் கற்பிக்க விரும்பும் நம் பக்கத்து ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்த முதல் தவறு இந்த நேரக் கணக்கில்தான். “நேற்று என்ன செய்தீர்கள்?” என்று ஒரு மாணவியிடம் கேட்டேன், நான் நினைத்த நேற்று அவருக்கு இன்னும் முடியாத இன்றாக இருந்தது. இறந்தகாலப் பாடம் அங்கேயே குழம்பிவிட்டது. ஆகவே, பாடத்தில் வரும் நேற்று, இன்று, நாளை எல்லாம் மாணவரின் நாட்காட்டிப்படியே இருக்கட்டும்.

ஸ்பானிஷ் தெரியாமல் எப்படிச் சொல்லித்தருவது என்று தயங்க வேண்டாம். பல இடங்களில் தமிழும் ஸ்பானிஷும் ஒரு பக்கம் நிற்க, ஆங்கிலம் தனியாக எதிர்ப்பக்கம் நிற்கிறது. அந்த இடங்களில் நாம் பள்ளியில் செய்த பிழையையே அவர்களும் செய்வார்கள். “வந்தேன்” என்று சொன்னாலே வந்தது நான் என்பது தெரிந்துவிடுகிறது அல்லவா? ஸ்பானிஷ் வினையும் விகுதியாலேயே ஆளைக் காட்டிவிடுவதால், எழுவாயை விட்டுவிடும் பழக்கம் அவர்களுக்கு ஊறிப்போனது. மழை பெய்கிறது என்பதற்கு “இஸ் ரெய்னிங்” என்பார்கள். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாத வாக்கியம் கதவில்லாத வீடு என்று சொல்லி, முதல் வாரம் முழுவதும் “இட்” என்ற சொல்லைச் சேர்க்கவே பழக்குங்கள். வயதைச் சொல்லும்போது அவர்கள் “எனக்கு இருபது ஆண்டுகள் உண்டு” என்ற பொருளில் “தெங்கோ வெய்ந்தே ஆன்யோஸ்” என்பதால், “ஐ ஹாவ் ட்வென்டி இயர்ஸ்” என்பது தவறாமல் வரும். பசிக்கும் இதே கதைதான். வயது, பசி, தாகம் மூன்றுக்கும் “ஐ ஆம்” என்று ஒரே மூச்சில் பழக்கிவிடலாம்.

காலங்களில் அதிக உழைப்பைக் கேட்பது பிரசன்ட் பெர்ஃபெக்ட். “ஐந்து வருடமாக இங்கே இருக்கிறேன்” என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம்; ஸ்பானிஷிலும் நிகழ்காலமே. அதனால் நம் மாணவர் “ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்” என்பார். அவர்கள் மாணவர் “ஐ லிவ் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்” என்பார். இரண்டு பேருக்கும் மருந்து ஒன்றே: “ஐ ஹாவ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.” கால அளவைச் சொன்னால் “ஃபார்”, தொடங்கிய புள்ளியைச் சொன்னால் “சின்ஸ்” என்பதையும் அப்போதே சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

விதியை விளக்கி நான் களைத்துப்போன ஒரு நாளில்தான் ஆத்தங்குடி டைல்ஸ் கைகொடுத்தது. பட்டறையில் கண்ணாடித் தகட்டின் மேல் பூ அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றி, பிறகு அச்சைத் தூக்குவதை ஒரு நிமிடக் காணொளியாக எடுத்துக் கொண்டேன். அச்சு பாதி உயர்ந்திருக்கும் இடத்தில் காணொளியை நிறுத்தினால் “ஹி இஸ் லிஃப்டிங் தி மோல்ட்.” அச்சு கைக்கு வந்து, கண்ணாடியில் பூ ஈரம் காயாமல் மின்னும் இடத்தில் நிறுத்தினால் “ஹி ஹாஸ் லிஃப்டட் தி மோல்ட்”, வேலை முடிந்துவிட்டது, அதன் விளைவு கண்முன்னே கிடக்கிறது. “பத்து மணிக்கு” என்று சேர்த்த உடனே “ஹி லிஃப்டட்” ஆகிவிடும். அவர் வழக்கமாகவே நிதானமாகத் தூக்குபவர் என்றால் “ஹி லிஃப்ட்ஸ் இட் ஸ்லோலி”. அந்த வால் எழுத்தான “எஸ்” விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வினை ஒன்றுதான், அது எடுக்கும் வடிவம்தான் நான்கு. உங்கள் ஊரில் முறுக்குப் பிழிவதையோ கூடை முடைவதையோ எடுத்தாலும் போதும். வினையை மட்டும் மாற்றக் கூடாது.

மாணவர் எந்த நாட்டவர் என்று முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது. ஸ்பெயினின் பெரும்பகுதியில் இன்று நடந்ததை, மணியைச் சொன்னாலும்கூட, “ஹாவ்” போன்ற துணைவினையோடு சொல்வது வழக்கம். அதனால் “ஐ ஹாவ் ஈட்டன் அட் டூ” என்ற பிழை அங்கிருந்து வரும். லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் எளிய இறந்தகாலமே பெரிதும் புழங்குவதால், அங்குள்ளவர்கள் பெர்ஃபெக்ட் வேண்டிய இடத்திலும் அதைத் தொடமாட்டார்கள். இருவருக்கும் நான் எழுதிக் காட்டும் இணை வாக்கியம் நம் ஊரிலிருந்தே எடுத்தது. அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரியைத் தொடங்கினார் என்பதற்கு “ஹி ஸ்டார்ட்டட் தி காலேஜ் இன் 1947”, கல்லூரி அன்று முதல் இங்கே இருக்கிறது என்பதற்கு “இட் ஹாஸ் பீன் ஹியர் சின்ஸ் 1947.” ஆண்டு ஒன்றுதான் என்பதால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். பிறகு தம் ஊர்ப் பள்ளியைப் பற்றி அதே இரண்டு வாக்கியங்களை அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி வாக்கியத்துக்கு நமக்கு “ஆ” போதும், அவர்களுக்குக் குரலை ஏற்றினால் போதும். “டு”, “டிட்” என்பவை இரு சாராருக்கும் அன்னியம். “டிட் யூ வென்ட்” என்று கேட்டால், காலத்தை “டிட்” வாங்கிக்கொண்டது, வினை வெறுங்கையோடு நிற்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கினால் குழப்பம்தான்.

சொற்களுக்கு வந்தால், நீளமான சொற்களில் நேரத்தை வீணாக்க வேண்டாம். “நசியோன்” நேஷன், “உனிவெர்சிதாத்” யுனிவர்சிட்டி என்று லத்தீன் வழிச் சொற்கள் அவர்கள் வீட்டுச் சொத்து. திணறுவது சின்னச் சொற்களில்தான். நம் “செய்” போல அவர்களின் “ஆசேர்” என்பதும் “டு”, “மேக்” இரண்டையும் சுமக்கிறது. நம் “சொல்” போல “தெசீர்” என்பது “சே”, “டெல்” இரண்டுக்கும் ஆகிவருகிறது. “எஸ்பெரார்” ஒன்றே காத்திருப்பதையும் நம்புவதையும் எதிர்பார்ப்பதையும் குறிப்பதால், பேருந்துக்குக் காத்திருப்பவர் “ஐ ஹோப் தி பஸ்” என்பார். பேருந்தைத் தவறவிட்டால் அவர் “ஐ லாஸ்ட் தி பஸ்” என்பார். நம்மவர் “விட்டுவிட்டேன்” என்பதை நினைத்து “ஐ லெஃப்ட் தி பஸ்” என்பார். வகுப்பில் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டால் “மிஸ்” என்ற சொல் மறக்காது.

“இன்”, “ஆன்”, “அட்” மூன்றுக்கும் அவர்களிடம் பெரும்பாலும் “என்” என்ற ஒரே சொல்; நம்மிடம் “இல்” என்ற ஒரே உருபு. செட்டிநாட்டு வீட்டின் படம் ஒன்றைத் திரையில் வைத்து, வாசலில் நிற்பவருக்கு “அட் தி டோர்”, திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு “ஆன் தி திண்ணை”, வளவில் வற்றல் காயவைக்கும் ஆச்சிக்கு “இன் தி கோர்ட்யார்ட்” என்று ஆளை நகர்த்திக்கொண்டே கேளுங்கள். புள்ளி, மேற்பரப்பு, சுற்றடைப்பு என்ற மூன்றும் தாமாகவே பிடிபடும்.

ஒலி ஒத்துப் பொருள் மாறும் சொற்களுக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அவர்களின் “லிப்ரெரியா” புத்தகக் கடை, “கார்பெத்தா” கோப்பு உறை, “எக்சிதோ” வெற்றி. ஸ்பெயினில் சளி பிடித்தவரை “கோன்ஸ்திபாதோ” என்பார்கள். அதை அப்படியே ஆங்கிலமாக்கினால் மலச்சிக்கல் ஆகிவிடும். செட்டிநாட்டுக் கோழிக் குழம்பைப் பற்றிப் பேசும்போது “ஹாட்” என்பதைத் தவிர்த்து “ஸ்பைசி” என்றே சொல்லுங்கள். நமக்குச் சூடும் காரமும் வேறாக இருப்பது போலவே அவர்களுக்குக் “கலியெந்தே”யும் “பிகாந்தே”யும் வேறு. உச்சரிப்பில் “ஸ்கூல்” என்பது “எஸ்கூல்” ஆவதைக் கேட்டு வியக்க வேண்டாம். நம் ஊரில் “இஸ்கூல்” கேட்காத காது உண்டா?

தமிழ் நம்மைக் கைவிடும் இடம் ஒன்று உண்டு. “தி”, “எ” போன்றவை நம் மொழியில் இல்லை. “ஐ வென்ட் டு பேங்க்” என்று நாம் விட்டுவிடுவோம். ஸ்பானிஷில் அவை உண்டு, ஆங்கிலத்தைவிடத் தாராளமாகவே உண்டு. “தி லைஃப் இஸ் ஹார்ட்” என்று அவர்கள் கூட்டிவிடுவார்கள். ஆகவே மறுநாள் வகுப்புக்கான வாக்கியங்களை முந்தைய இரவே முழுமையாக எழுதி, “தி” வரும் இடங்களைச் சிவப்பு மையால் சுழித்து, திரைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.