யுவிஐடி தரவு: எண்ணிக்கை எங்கே பிசகுகிறது?

2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட இந்திய வானியல் செயற்கைக்கோள் ஆஸ்ட்ரோசாட்டில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கி யுவிஐடி. இதன் பழைய தரவுகளை இஸ்ரோவின் தரவு மையத்திலிருந்து யாரும் இறக்கிக்கொள்ளலாம்; கும்பகோணத்தில் உட்கார்ந்து எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்பவருக்கும் அதுவே போதும். ஆனால் அதை கேமரா எடுத்த படமாக நினைப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. புற ஊதாவில் இந்தக் கருவி ஃபோட்டான்களை (ஒளித் துகள்களை) ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியலிடுகிறது. படம், அந்தப் பட்டியலிலிருந்து பிறகு நாம் கட்டுவது.

பிரகாசமான விண்மீன்களில் எண்ணிக்கை குறையும். முழுப் புலத்தையும் எடுக்கும்போது கருவி தன் உணரியை நொடிக்குச் சுமார் 29 முறை படிக்கிறது; ஒவ்வொரு படிப்பும் ஒரு ஃபிரேம். ஒரே ஃபிரேமில் ஒரே இடத்தில் இரண்டு ஃபோட்டான் விழுந்தால் ஒன்றாகத்தான் பதிவாகும். நொடிக்கு 15 ஃபோட்டான் வரும் விண்மீனை எடுங்கள்: ஃபிரேமுக்குச் சராசரி 0.52. தற்செயலாக வந்து விழுபவற்றுக்கான பாய்சான் கணக்குப்படி ஏறக்குறைய 40 சதவீத ஃபிரேம்களில்தான் ஏதாவது விழும்; ஆகவே 15 என்பது 11.7 ஆகிவிடும். விண்மீனை 0.27 மேக்னிட்யூட் (விண்மீன் ஒளியின் அளவுகோல்) மங்கலாகக் காட்டும். புலத்தின் ஒரு பகுதியை மட்டும், சிறு ஜன்னலில் எடுத்த தரவில் ஃபிரேம் வேகம் கூடும். 29 என்று மனப்பாடமாகப் போடாமல் கோப்பின் தொடக்கத்தில் விவரங்கள் இருக்கும் ஹெடரைப் பாருங்கள்.

மாறாக, எண்ணிக்கை கூடுவதும் உண்டு. செயற்கைக்கோளின் அடுத்தடுத்த பூமிச் சுற்றுகளின், இன்னும் படமாக்கப்படாத லெவல்-1 கோப்புகளில் ஒரே பகுதி இரண்டு தடவை வரலாம். நேர வரிசைப்படுத்தி, திரும்ப வரும் ஃபிரேம்களை நீக்காமல் கூட்டினால் ஒரே நெல் மூட்டையை இரண்டு முறை எடை போட்ட கதைதான்.

விண்மீன் புள்ளியாக இல்லாமல் கோடாக இழுபட்டால் நகர்வுத் திருத்தம் பிசகியிருக்கிறது. செயற்கைக்கோள் மெல்ல அசையும். அதைப் பின்தொடரத்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுக்கும் விசிபிள் சேனல். அந்தப் படங்களில் ஒளியளவு பார்க்காதீர்கள். எண்ணிக்கையை மேக்னிட்யூடாக மாற்றும் ஜீரோ பாயிண்டுக்கு, கருவிக்கு 2017-இல் வெளியான அட்டவணையை விட்டு 2020 திருத்தத்தை எடுங்கள். அண்மைப் புற ஊதாவைப் பார்க்கும் என்யுவி சேனல் 2018 மார்ச்சில் செயலிழந்தது. அதற்குப் பிந்தைய தேதியில் அதைத் தேடி நேரம் போக்க வேண்டாம்.

ஒளி மாற்ற வரைபடத்தில் சுமார் 98 நிமிடக் காலமுறை வந்ததும் கண்டுபிடிப்பு என்று குதிக்காதீர்கள். அது செயற்கைக்கோள் பூமியைச் சுற்றும் நேரம். பூமியின் இருட்டுப் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பார்ப்பதால் இடைவெளி விழுகிறது. முறைவைத்துத் தண்ணீர் விடும்போது கடைமடை வாய்க்கால் நிரம்பி வற்றுவது மதகின் கணக்கு. காவிரியின் ஏற்ற இறக்கம் அல்ல.