திராட்சைக் கொடியைத் துளைத்து ஒட்டுக் கட்டுவது: ரோமானியர் முறை

காய்ப்பு நின்ற கொடியைப் பிடுங்கி எறியாமல், தண்டில் துளை போட்டு வேறு ரகத்தைச் செருகுவது ரோமானியர் கைக்கொண்ட வழிகளில் ஒன்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய ரோமானியர் கேட்டோ இதை எழுதிவைத்தார். கி.பி. 1ஆம் நூற்றாண்டில், ஸ்பெயினில் பிறந்த வேளாண்மை எழுத்தாளர் கொலுமெல்லா துளை போடும் கருவியான துறப்பணத்தையே மாற்றினார்.

அந்தக் கருவியில்தான் பாதி வேலை. பழைய துறப்பணம் மரத்தைத் தூளாக அரைக்கும். உராயும் சூட்டில் துளையின் உட்புறம் கருகும். கருகிய இடத்தில் ஒட்டுப் பிடிக்காது. கொலுமெல்லா சொன்ன கல்லியா (இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுத் துறப்பணம் சீவிச் சீவி எடுக்கும், சுடாது. நீங்கள் செய்யும்போதும் கூரான அலகை மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். தூள் கொட்டினால் அலகு மழுங்கிவிட்டது என்று பொருள்.

குளிர் விலகி, மொட்டு அசையும் வசந்த காலத்தில், சாறோட்டமுள்ள கொடியில் தொடங்குங்கள். துளைத்ததும் சீவல்களைத் துப்புரவாக எடுத்துவிடுங்கள்.

பக்கத்திலேயே நல்ல ரகக் கொடி நிற்கிறதா? அதன் கிளையை வெட்டாமல் வளைத்து, துளையின் ஒருபுறம் நுழைத்து மறுபுறம் இழுங்கள். புதியவர்களுக்கு இதுவே பத்திரம். தாய்க்கொடி ஊட்டிக்கொண்டே இருப்பதால் கிளை வாடாது. இந்த வசந்தத்தில் பிடிக்காவிட்டாலும், கிளை பருத்து அடுத்த வசந்தத்தில் துளையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகு தாய்க்கொடிப் பக்கம் கிளையை அறுத்து, துளைக்கு மேலே நிற்கும் பழைய தண்டையும் நறுக்குங்கள்.

அப்படிக் கொடி இல்லையென்றால், காய்த்த கொடியிலிருந்து கணுக்கள் நெருங்கிய, உருண்டு திரண்ட குச்சியை அன்றே வெட்டுங்கள். செருகும் முனையில் மேல்பட்டையை மட்டும் லேசாகச் சுரண்டுங்கள். சோற்றோடு சோறு, அதாவது தண்டின் நடுவிலுள்ள மென்மையான பகுதியோடு குச்சியின் நடுப்பகுதி, சேர வேண்டும் என்றார் கேட்டோ. உண்மையில் ஒட்டுவது பட்டைக்கு அடியிலுள்ள பச்சை அடுக்கு. ஆகவே ஆழமாகச் சீவினால் கெட்டது. துளையில் ஆடாமல் இறுக்கமாக நிற்க வேண்டும். இந்த வகையில் பழைய தண்டை முன்பே நறுக்கிவிடுவார்கள்; சாறு முழுவதும் புதுக்குச்சிக்கே போகும்.

பூசுவதற்குக் களிமண், கொஞ்சம் மணல், மாட்டுச்சாணம். பசைபோல் இழுபடும்வரை பிசையுங்கள்.

பூசிக் கட்டியபின் பலர் விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு. வசந்தத்தில் திராட்சை வெட்டுவாயில் நீர் சொட்டும்; அது ஒட்டில் தேங்கினால் ஒட்டுக் கெடும். கட்டுக்குக் கீழே தண்டின் இருபுறமும் கத்தியால் லேசாகக் கீறிவிடுங்கள். மிகுந்த நீர் அந்த வழியாக வடிந்துவிடும்.