பன்னிரண்டு தாளும் ஒரு பென்சிலும்: ரீயூனியனில் ஜனாதிபதி ஓட்டுக்கு இன்னும் முடிவெடுக்காதவர்களுக்கு

2022 ஏப்ரலில், முதல் சுற்றுக்கு முந்தின சனிக்கிழமை, வில்லியனூர்ப் பெண் ஒருத்தி என் கடைக்கு வந்தாள். கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இந்தப் பிரெஞ்சுத் தீவின் சேந்தாந்த்ரே ஊருக்கு வந்தவள், அவளுக்கு அதுதான் முதல் ஓட்டு. கற்பூரமும் திரியும் வாங்கிக்கொண்டு கிளம்பாமல் நின்றாள். "அக்கா, பன்னிரண்டு பேர் நிக்கிறாங்க. ஒருத்தரையும் பிடிக்கலைன்னும் சொல்ல முடியலை, ஒருத்தரைப் பிடிச்சிருக்குன்னும் சொல்ல முடியலை. யாருக்குப் போடறது?"

நான் பெயர் எதுவும் சொல்லவில்லை. என் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய். ஓய்வுபெற்றுக் காரைக்காலில் இருந்தபோதும் பிரெஞ்சுத் தேர்தல் வந்தால் பஸ் பிடித்துப் புதுச்சேரி போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவார். யாருக்கு என்று அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. ஆனால் எப்படி யோசிப்பது என்று சொல்லலாம் அல்லவா? கடையை மூடிவிட்டு அவளை வீட்டுக்கு அழைத்துப் போனேன். அன்று இரவு நாங்கள் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். 2027 ஏப்ரலில் மறுபடி தேர்தல். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒருவர் ஜனாதிபதியாக இருக்க முடியாது என்று 2008இல் அரசியல் சாசனத்தைத் திருத்திவிட்டார்கள், ஆகவே 2017இலும் 2022இலும் வென்ற மக்ரோன் நிற்க முடியாது. அவளைப் போல் தயங்கி நிற்பவர்கள் இந்த முறை இன்னும் அதிகமாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தேர்தலுக்கு முன் தபாலில் ஒரு தடித்த உறை வரும். ஒவ்வொரு வேட்பாளரின் அறிக்கைத் தாளும் வாக்குச்சீட்டும் அதில் இருக்கும். பலர் அதைப் பிரிக்காமலே குப்பையில் போடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். ஆனால் உடனே பிரிக்கவும் வேண்டாம். முதலில் ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் வீட்டு விஷயம் மூன்றை எழுதுங்கள். நாட்டு விஷயம் வேண்டாம், உங்கள் வீட்டு விஷயம். அவள் எழுதியது: அம்மாவை ஊரிலிருந்து அழைத்துவர விசா, கணவரின் தற்காலிக வேலை, பால் விலை. நான் எழுதியது: கடைச் சரக்குக்குக் கட்டும் வரி, மாமியாருக்கு வீட்டுக்கே வந்து ஊசி போடும் நர்ஸ், பென்ஷன் வயது. எழுதி வைத்துக்கொண்டு படித்தால், பன்னிரண்டு பேரும் எதைப் பேச விரும்புகிறார்களோ அதற்குப் பின்னால் நீங்கள் ஓட மாட்டீர்கள்.

அப்புறம் உறையைப் பிரித்தோம். மேஜை முழுக்கத் தாள்கள். மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்கப் பருப்பு டப்பாவையும் புளி ஜாடியையும் மேலே வைத்தோம். போட்டோ இருக்கும் முதல் பக்கத்தைப் பின்னால் மடித்துவிடச் சொன்னேன். சிரித்த முகம் கண் முன்னால் இருந்தால் எழுத்து மனதில் ஏறாது.

இனி பென்சில் வேலை. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு வாக்குறுதியின் ஓரத்திலும் ஓர் எழுத்துப் போடுங்கள்: ஜ, ச, ஊ.

ஜனாதிபதி தானே செய்யக்கூடியது என்றால் ஜ. பிரதமரை நியமிப்பது, ராணுவம், வெளிநாட்டுப் பேச்சுவார்த்தை, நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையான சட்டசபையைக் கலைப்பது. 2024 ஜூன் 9 அன்று மக்ரோன் கலைத்தாரே, அதற்கு யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை.

சட்டசபையில் சட்டமாக வேண்டியது என்றால் ச. வரி, பென்ஷன், பிள்ளைகளுக்கான உதவித்தொகை, வெளிநாட்டவர் சட்டம் எல்லாம் இதில் வரும். 2022இல் மக்ரோன் பென்ஷன் வயது 65 என்றுதான் எழுதியிருந்தார். பிறகு வந்த சட்டசபைத் தேர்தலில் அவருக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 2023இல் சட்டமானது 64. அதுவும் கடைசி ஓட்டெடுப்பு இல்லாமல், அரசியல் சாசனத்தின் 49.3 என்ற பிரிவைக் கொண்டு நிறைவேற்றப்பட்டது. ஆகவே ச போட்ட வரியைப் படிக்கும்போது, இவருக்குப் பின்னால் எத்தனை எம்.பி.க்கள் வரக்கூடும் என்றும் சேர்த்து யோசியுங்கள். நம் தீவுக்கு ஏழு எம்.பி.க்கள்தான்.

ஊ என்றால் மேரியோ (நகராட்சி) ரெஜியோனோ (மாநில அளவிலான மன்றம்) தெபார்த்மானோ (மாவட்ட மன்றம்) பார்க்கிற வேலை. குழாய்த் தண்ணீர், பஸ், பள்ளிக் கட்டிடம். இதற்காக ஜனாதிபதி வேட்பாளரை நம்பவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

சில விஷயங்கள் ஓர் எழுத்தில் அடங்காது. வெளியிலிருந்து வரும் சரக்குக்குக் கட்டும் ஒக்த்ருவா த மேர் அப்படிப்பட்டது. அரிசி மூட்டையிலிருந்து குத்துவிளக்கு வரை அதன் நிழல் இருக்கிறது. எவ்வளவு சதவீதம் என்று தீர்மானிப்பது ரெஜியோன். அதற்கு இடம் கொடுக்கும் சட்டம் பாரிசிலிருந்து வருகிறது, ஐரோப்பாவின் அனுமதியும் வேண்டும். வசூலாகும் பணத்தில்தான் மேரிகள் பெருமளவு ஓடுகின்றன. "எடுத்துவிடுவேன்" என்று ஒருவர் எழுதியிருந்தால், மேரிக்கு அந்தப் பணம் வேறு எங்கிருந்து வரும் என்ற வரி அதே தாளில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்.

நம் தீவுக்கென்றே இன்னொரு கேள்வியும் உண்டு. நம்மைப் போலக் கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளான குவாதலூப், மார்த்தினிக், கயான் ஆகிய இடங்கள் அனுமதி பெற்றுச் சில விஷயங்களில் தமக்கென விதிகள் செய்துகொள்ளலாம். ரீயூனியனுக்கு அது கிடையாது. 2003இல் அரசியல் சாசனத்தின் 73ஆம் பிரிவில் அப்படி எழுதவைத்தவர் செனட்டர் ஜான்-போல் விராபுல்லே. இதே சேந்தாந்த்ரேவின் மேயராகப் பல ஆண்டுகள் இருந்தவர், பெயரைக் கேட்டாலே நம் வம்சம் என்று தெரியும். அந்த வரி தீவைப் பிரான்ஸோடு இறுகக் கட்டுகிறது என்பவர்களும் உண்டு, கையைக் கட்டுகிறது என்பவர்களும் உண்டு. என் கடை வாசலிலேயே அண்ணன் தம்பி இருவர் இதற்காக முகம் சிவந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதை எடுக்க வேண்டுமானால் சாசனத்தையே திருத்த வேண்டும். ஜனாதிபதியின் மனசு இல்லாமல் அது நடப்பது மிகக் கடினம். வேட்பாளர் இதைப் பற்றி என்ன சொல்கிறார், ஏதாவது சொல்கிறாரா என்று பாருங்கள். கடல்கடந்த பகுதிகளுக்கு ஒரே வரி ஒதுக்கி, பூப்போட்ட சட்டை போட்டோவோடு முடித்துக்கொள்பவரை நான் ஓரமாக வைத்துவிடுவேன்.

வேட்பாளர்களின் சொத்து விவரம் முதல் சுற்றுக்குப் பதினைந்து நாள் முன்பே பொதுவில் வந்துவிடும். ஒருமுறை கண்ணோட்டினால் போதும்.

இப்படிச் செய்தால் பன்னிரண்டு தாள் மூன்றாகவோ நான்காகவோ குறையும். உங்கள் மூன்று விஷயங்களுக்கு நேரே யார் தெளிவாக எழுதியிருக்கிறார் என்று பாருங்கள், முதல் சுற்று முடிந்தது.

இரண்டாம் சுற்று, முதல் இரண்டு இடம் பிடித்தவர்களுக்கு நடுவே மட்டும். அது வேறு கதை. 2022இல் முதல் சுற்று ஏப்ரல் 10, இரண்டாவது 24. நடுவில் சித்திரை 1. பொங்கல் வைத்த வீடுகளிலெல்லாம் இதே பேச்சு. முதல் சுற்றில் நம் தீவில் இடதுசாரி மெலான்ஷோனுக்கு ஏறக்குறைய 40 சதவீதம். அவர் இரண்டாம் சுற்றுக்குப் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து இதே தீவில் தீவிர வலதுசாரி லு பென்னுக்குக் கிட்டத்தட்ட 60, பிரான்ஸ் முழுவதுமோ மக்ரோனுக்கு 58.5. தங்கள் ஆள் வெளியேறியதும் கோபத்தில் போட்டவர்கள், போகாமலே இருந்தவர்கள், மனம் கனத்துப் போட்டவர்கள் என்று எல்லாரையும் நான் கடையில் பார்த்தேன்.

உங்கள் ஆள் வெளியேறிவிட்டால், பழைய தாள்களில் மிச்சமிருக்கும் இரண்டை மட்டும் மறுபடி எடுங்கள். இந்த முறை ஜ போட்ட வரிகளை மட்டும் படியுங்கள். ச போட்டதைச் சட்டசபை தடுக்கலாம், குறைக்கலாம். ஜ போட்டதைத் தடுக்க அவ்வளவு எளிதில் யாராலும் முடியாது. அந்த அதிகாரத்தை ஐந்து வருடம் யார் கையில் விட்டால் நீங்கள் பயமில்லாமல் தூங்குவீர்கள்? டிவி விவாதம் நம் நேரத்துக்கு இரவு பதினொன்றுக்குத் தொடங்கும். முடிந்தால் பாருங்கள். யார் யாரை மடக்கினார் என்பதை விட்டுவிட்டு, உங்கள் மூன்று விஷயம் வரும்போது காதைத் தீட்டுங்கள்.

இருவரும் வேண்டாம் என்றால், சீட்டை வைத்துப் போடும் உறையில் வெள்ளைத்தாளை வைத்தோ, வெறும் உறையாகவோ போடலாம். 2014 முதல் அவற்றைத் தனியாக எண்ணிச் சொல்கிறார்கள், ஆனால் சதவீதக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது தெரிந்தே போடுங்கள்.

ஓட்டுப் போடும் அன்றைக்கு அடையாள அட்டை கட்டாயம். மேஜையிலிருந்து பல பெயர்ச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் போங்கள், ஒன்றை மட்டும் எடுத்தால் பின்னால் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். சீட்டில் ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள், செல்லாமல் போய்விடும்.

சாவடி மூடும் முன் இன்னொன்றும் செய்யலாம். எண்ணும் வேலைக்கு உங்கள் பெயரைக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த வாக்காளராக இருந்தால் போதும். அந்தப் பெண்ணும் நானும் 24ஆம் தேதி ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். நூறு நூறு உறையாகக் கட்டி வைத்திருந்தார்கள். ஒருவர் பிரித்தார், ஒருவர் பெயரை உரக்கப் படித்தார், நாங்கள் இருவரும் கோடு போட்டோம். ஓர் உறையில் ஒன்றுமே இல்லை. பிரித்தவர் அதை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டிவிட்டுத் தனியாக வைத்தார். முடிந்து வெளியே வந்தபோது, பாரிசின் எட்டு மணிக்காக, நம் பத்து மணிக்காக, முடிவைச் சொல்ல டிவி இன்னும் காத்துக்கொண்டிருந்தது. எங்கள் மேஜையின் கணக்கு எங்களுக்குத் தெரிந்திருந்தது.