ஆயில் மாற்றும் கெடுவை நீட்டப் போய் இன்ஜினைப் பிரிக்கும் தவறுகள்

மேலூர் பக்கம் ஜல்லி கிரஷருக்கு ஓடும் டிப்பர் ஒன்று, மதுரைக்கும் தூத்துக்குடி துறைமுகத்துக்கும் ஓடும் லாரி ஒன்று. இரண்டிலும் ஒரே இன்ஜின், ஒரே 15டபிள்யூ40 ரக ஆயில். லாரிக்கு 10,000 கிலோமீட்டரில் ஆயில் மாற்றுகிறோமே, டிப்பருக்கும் அதையே வைத்தால் என்ன என்றுதான் நானும் ஆரம்பத்தில் நினைத்தேன்.

தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. டிப்பர் ஒரு நாளில் 8 மணி நேரம் ஸ்டார்ட்டில் இருக்கும். ஓடுவது 80 கிலோமீட்டர்தான். லோடுக்கு வரிசையில் நிற்கும்போது மீட்டர் நகராது, இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கில் 10,000 கிலோமீட்டர் ஓடி முடிக்க 1,000 மணி நேரம் ஆகும். நான்குவழிச் சாலையில் சராசரி 40 வேகத்தில் போகும் லாரிக்கு அதே தூரம் 250 மணி நேரம். டிப்பர், டிராக்டர், ஜேசிபி எல்லாவற்றுக்கும் மணிக்கணக்குதான் சரி. கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் இன்னொரு ரகம். முகூர்த்த மாதம் போக மற்ற நாளில் சும்மா நிற்கும். மணிக்கணக்கு ஏறவில்லை என்று ஆயிலை அப்படியே விடக் கூடாது. நின்றாலும் ஈரம் சேரும், ஆயில் கெடும். கம்பெனி சொன்ன மாதக் கெடுவில் மாற்றிவிட வேண்டும்.

சரி, ஆயில் இன்னும் தாங்குமா என்று எப்படிப் பார்ப்பது? நம் ஊரில் ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியை உருவி, இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்து, "கருத்துப் போச்சுண்ணே" என்பார்கள். டீசல் இன்ஜினில் புது ஆயிலே சில நாளில் கருத்துவிடும். கரியைத் தன்னோடு சுமந்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. ஆயிலில் சேரும் அமிலத்தை அடக்கும் சக்தி எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எந்த உலோகம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதெல்லாம் விரலுக்குத் தெரியாது. அதற்கு லேபில்தான் கொடுக்க வேண்டும்.

லேபுக்கு அனுப்பும் ஆயிலை எடுப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். வண்டி இரவெல்லாம் நின்ற பிறகு காலையில் ஆயிலை வடிக்கும் ட்ரெயின் நட்டைக் கழற்றி, முதலில் விழும் ஆயிலைப் பிடிக்கிறார்கள். அது அடியில் படிந்த கசடு. ரிப்போர்ட்டில் இரும்பும் தண்ணீரும் எகிறி நிற்கும். இன்ஜின் போச்சு என்று பயப்படுவோம். ட்ரெயின் பாத்திரத்தில் இருந்து மொண்டு எடுப்பது அதைவிட மோசம், போன வாரத்து கியர் ஆயிலும் அதில் சேர்ந்திருக்கும். வண்டி ஓடி வந்து நிறுத்திய சூட்டோடு, கேஜ் குழாய் வழியாகப் புது டியூபை விட்டு உறிஞ்சி எடுங்கள். டியூப் அடியைத் தொடக் கூடாது. அது முடியாவிட்டால் ஆயிலைக் கொஞ்சம் ஓடவிட்டு நடுவில் பிடியுங்கள். எந்த முறை என்றாலும் ஒவ்வொரு தடவையும் அதே முறை. கழுவின தண்ணீர் பாட்டில் வேண்டவே வேண்டாம். நாலு சொட்டு ஈரம் போதும், ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் காஸ்கெட் போய்விட்டது என்று நாம் கிளம்பிவிட.

இடையில் குறைந்த ஆயிலை ஊற்றி நிரப்பும் டாப் அப் கணக்கை எழுதாமல் விடுவது அடுத்த தவறு. இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டிதான் சம்ப். 20 லிட்டர் சம்பில் 5 லிட்டர் குறைந்து, புது ஆயில் ஊற்றிய கையோடு சாம்பிள் எடுத்தால், 80 பிபிஎம் (பத்து லட்சத்தில் 80 பங்கு) இரும்பு 60 ஆகத் தெரியும். ரிப்போர்ட் அழகாக இருக்கும், தேய்மானம் அப்படியே இருக்கும். இதற்கு நேர்மாறாக, "என் வண்டி ஆயிலே குடிக்காது" என்று பெருமைப்படுபவர்களும் உண்டு. டீசலைப் பீய்ச்சும் நாசில் ஒழுகி டீசல் சம்பில் இறங்கினாலும் கேஜில் அளவு குறையாது, சமயத்தில் ஏறவும் செய்யும். 100 டிகிரி சூட்டில் 15டபிள்யூ40 ஆயிலின் பிசுபிசுப்பு 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் (பிசுபிசுப்பை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். 12.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் முதல் சந்தேகம் டீசல் மேல்தான்.

இனி தூசிக்கு வருவோம். கிரஷர் ரோட்டில் ஓடும் வண்டிக்கு ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்ப்பது சிலிக்கான். மண்ணும் கல்தூளும் அந்தப் பெயரில்தான் வந்து நிற்கும். என் டிப்பரில் சிலிக்கான், அலுமினியம், இரும்பு மூன்றும் சேர்ந்து ஏறின. ஏர் ஃபில்டர் புதுசு. தேடிப் பார்த்ததில் ஃபில்டருக்கும், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவுக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸில், கிளாம்ப் அடியில் ஒரு வெடிப்பு. ஆயிலை எத்தனை தடவை மாற்றியிருந்தாலும் பிஸ்டன் உரசி ஓடும் லைனர் தேய்ந்துகொண்டேதான் இருந்திருக்கும். சிலிக்கான் மட்டும் தனியாக ஏறி, மற்றவை சும்மா இருந்தால் பதற வேண்டாம்; சமீபத்தில் இன்ஜின் வேலை செய்திருந்தால் காஸ்கெட் பேஸ்ட்டில் இருந்தும் அது வரும். செம்பு மட்டும் ஏறினால் ஆயில் கூலரைப் பாருங்கள், செம்போடு ஈயமும் வந்தால் பேரிங். இன்னொரு தவறு: கம்ப்ரசர் காற்றை வேகமாக அடித்து ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்வது. பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்தால், மிச்சம் பிடித்த ஃபில்டர் காசைவிட இன்ஜின் வேலை பல மடங்கு இழுக்கும்.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துக் கெடுவை நீட்டவும் கூடாது. மூன்று நாலு ரிப்போர்ட் வரிசையாக வேண்டும், இடையில் ஆயில் பிராண்டை மாற்றக் கூடாது. ஒரு தடவை புது ஆயிலையும் டெஸ்ட்டுக்குக் கொடுத்து வைப்பது நல்லது. அமிலத்தை அடக்கும் எண், அதாவது டிபிஎன், எங்கிருந்து எவ்வளவு இறங்கியது என்பது அப்போதுதான் புரியும். பாதிக்குக் கீழே போனால் நான் நிறுத்திக்கொள்வேன்.

பெரிய துகள்களை இந்த உலோக டெஸ்ட் சரியாகப் பிடிக்காது. கழற்றிய ஆயில் ஃபில்டரை அறுத்துப் பேப்பரை விரித்துப் பார்ப்பது அதற்குத்தான். ஆக்சா பிளேடால் அறுத்துவிட்டு அந்தத் தூளையே பார்த்து அலறக் கூடாது; கட்டர் இருந்தால் நல்லது.

பிஎஸ்-6 என்ற புகை விதிப்படி வந்த வண்டிக்கு, மீதம் கிடக்கிறதே என்று பழைய சிஐ-4 தர ஆயிலை ஊற்றாதீர்கள். அதன் சாம்பல், புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப்பில் போய் அடைக்கும். வாரண்டி உள்ள வண்டியில் கம்பெனியிடம் கேட்காமல் கெடுவை நீட்டும் பேச்சே வேண்டாம்.

கடைசியில் என் லாரிக்கு 2,000, 2,000 கிலோமீட்டராகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் டெஸ்ட் பார்த்து, 14,000-த்தில் நிறுத்தியிருக்கிறேன். டிப்பருக்கு நீட்டவில்லை, குறைத்தேன்: 250 மணி நேரம். மாற்றும் தேதியை டிரைவர் தம்பி இப்போது டேஷ்போர்டில் சாக்பீஸால் எழுதி வைக்கிறார்.