ஒன்ராறியோவில் வீடு திருத்த ஆள் பிடிக்கும் முன்

ரொறன்ரோப் பக்கம் முதல் வீடு வாங்கியவரிடம் நம் ஆட்கள் கேட்கிற அடுத்த கேள்வி, "பேஸ்மென்ற் எப்ப செய்யப்போறியள்?" என்பதுதான். கீழ்வீட்டு வாடகை மோர்ட்கேஜுக்குத் தோள் கொடுக்கும் என்பதால் கேள்வியில் பிழையில்லை. அதே மூச்சில், "எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள் இருக்கிறார், மலிவாச் செய்து தருவார்" என்பதும் வரும். ஆளைத் தேட அது நல்ல வழி. ஆளைச் சோதித்துப் பார்க்க அது போதாது. தெரிந்தவர் மூலம் வந்தவர் வேலையை இழுத்தடித்தால் கோவிலிலும் கலியாண வீட்டிலும் முகம் பார்க்க வேண்டுமே என்று வாய் திறக்காமல் நட்டப்பட்டவர்கள் இங்கே நிறையப் பேர்.

வீடு திருத்தும் பொதுவான கொந்தராத்துக்காரருக்கு ஒன்ராறியோ மாகாணம் உரிமம் எதுவும் கேட்பதில்லை. ஒரு வான் வண்டியும் நாலு கருவியும் உள்ள எவரும் நாளைக்கே தொழில் தொடங்கலாம். ரொறன்ரோ நகர எல்லைக்குள், ஸ்காபரோவும் அதற்குள்தான், நகரசபையின் உரிமம் கட்டாயம். இலக்கத்தை வாங்கி நகரசபை இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் என்றால் அந்தந்த நகரசபையைக் கேளுங்கள். ஸ்காபரோவில் மழைக்குப் பேஸ்மென்றில் தண்ணீர் ஏறுவது புதுமையில்லை. சாக்கடைத் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு பூட்ட ரொறன்ரோ நகரசபை உதவிப்பணம் தருகிறது. உரிமம் இல்லாதவரைக் கொண்டு செய்வித்தால் அந்தக் காசு உங்களுக்கு வராது.

மின்வேலையில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பெரிய கொம்பனியில் எலக்ரீசியனாக இருக்கும் ஒரு தம்பி, சனி ஞாயிறில் வந்து செய்து தருகிறேன் என்பார். கெட்டிக்காரராக இருப்பார், எலக்ரீசியன் சான்றிதழும் வைத்திருப்பார். ஆனாலும் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அவர் தனியாக உங்களிடம் வேலை பேசி எடுக்க முடியாது. மின்பாதுகாப்பு அதிகாரசபையிடம் (ஈஎஸ்ஏ) மின் கொந்தராத்துக்காரராக உரிமம் பெற்ற தொழில் நிறுவனமே அப்படி எடுக்கலாம். அந்த உரிமத்தின் 7 இலக்க எண் வான் வண்டியிலும் பில்லிலும் இருக்க வேண்டும். வேலையை அதிகாரசபைக்கு அறிவிப்பதும் அவர்கள் பொறுப்பு. "அதெல்லாம் தேவையில்லை, சின்ன வேலைதானே" என்று சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். காஸ் அடுப்பு, ஃபேர்னஸ், காஸ் குழாய் எல்லாம் ரிஎஸ்எஸ்ஏ என்ற மாகாணத் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பில் பதிந்தவர்களின் வேலை. குழாய்வேலைக்காரர்களின் சான்றிதழை தொழிற்சான்றிதழ் வழங்கும் ஸ்கில்ட் ரேட்ஸ் ஒன்ராறியோ அமைப்பின் பொதுப் பதிவேட்டில் பார்க்கலாம். 2022 முதல் அந்தப் பொறுப்பு அவர்களிடம் இருக்கிறது.

இனி பெர்மிற், அதாவது நகரசபையின் கட்டட அனுமதி. பெயின்ற் அடிக்க, குசினி அலுமாரி மாற்ற, தரை போட அது வேண்டாம். வாடகைக்கு விடும் தனிக் குடியிருப்பாகப் பேஸ்மென்றை மாற்றுவதற்கும், பாரம் தாங்கும் சுவரை எடுப்பதற்கும், நிலத்தைத் தோண்டிப் பக்கவாசல் வைப்பதற்கும் கட்டாயம் வேண்டும். உட்கூரை உயரம் 1.95 மீற்றருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், படுக்கையறை யன்னலால் நெருப்பு நேரம் ஆள் வெளியேறத் திறப்பு 0.35 சதுர மீற்றராவது இருக்க வேண்டும், மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையே தீ பரவாத தடுப்பு வேண்டும், புகை எச்சரிக்கைக் கருவிகள் ஒன்றோடொன்று இணைந்து அடிக்க வேண்டும் என்று விதிகள் போகும். இதையெல்லாம் தொல்லையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பெர்மிற் எடுத்தால் நகரசபைப் பரிசோதகர் படிப்படியாக வந்து பார்ப்பார். சட்டகம், குழாய், குளிர்க்காப்பு எல்லாம் சுவர்ப்பலகை (ட்றைவோல்) அடித்து மூடும் முன்பே அவர் கண்ணில் பட்டாக வேண்டும். கொந்தராத்துக்காரரோடு எந்த உறவும் இல்லாத, விசயம் தெரிந்த ஒரு ஆள் உங்கள் வேலையைப் பார்க்க வேறெங்கே கிடைப்பார்? பெர்மிற் இல்லாமல் செய்து பிடிபட்டால் அறிவித்தல் உங்கள் பெயருக்குத்தான் வரும், செய்தவரின் பெயருக்கு அல்ல. நெருப்புப் பிடித்தால் காப்புறுதிக் கொம்பனி கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று.

விலை கேட்கும்போது மூன்று பேரிடமாவது கேளுங்கள், மூவருக்கும் ஒரே வேலைப்பட்டியலைக் கொடுத்துக் கேளுங்கள். என்னென்ன வேலை, எந்த ரகத் தரை, எத்தனை விளக்கு, குப்பை அள்ளுவது யார் என்று எழுதாமல் வாங்கிய மூன்று விலைகளையும் ஒப்பிட முடியாது. முன்பு செய்த வேலைகளில் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் முடித்ததைப் பார்த்துப் பயனில்லை, இரண்டு பனிக்காலம் கண்ட வேலை வேண்டும். அந்த வீட்டுக்காரரிடம் "நல்லாச் செய்தவரோ?" என்று கேட்டால் ஓம் என்றுதான் வரும். காசு முழுக்க வாங்கின பிறகு ஏதும் பிழைத்ததா, அழைத்தபோது வந்தாரா என்று கேளுங்கள்.

பிறகு அந்தப் பழைய கதை வரும்: "காசாத் தந்தால் ராக்ஸ் வேண்டாம், அண்ணை." 40,000 டொலர் வேலைக்கு 13 வீத விற்பனை வரி (எச்எஸ்ரி) 5,200 டொலர். ஆசை வரும்தான். ஆனால் அது வரி ஏய்ப்பு. அதோடு ரசீதும் போகும், ஒப்பந்தமும் போகும், பிறகு வழக்கென்று போனால் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. "எங்களுக்குள்ள என்ன எழுத்து?" என்று கேட்டால், "எனக்கு மறதி தம்பி, எழுதி வைப்பம்" என்று சொல்லிவிடுங்கள். யாருக்கும் கோபம் வராது. கோபம் வந்தால் அதுவும் நல்லதுதான், நேரத்தோடு ஆளைத் தெரிந்துகொண்டீர்கள்.

எழுத்தில் இருந்தால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை இருந்தால், நீங்கள் புதிதாக எதுவும் கேட்டு ஒப்புக்கொள்ளாதவரை, 10 வீதத்துக்கு மேல் கூட்டி வாங்க முடியாது. கையெழுத்து உங்கள் வீட்டு மேசையில் நடந்திருந்தால், பிரதி கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். நீங்களே அழைத்து வந்தவர் என்றாலும் இது பொருந்தும்.

முற்பணம் 10 வீதத்தோடு நிற்கட்டும். சாமான் வாங்கக் கூடுதலாகக் காசு வேண்டும் என்றால் சாமானைக் கடையில் நீங்களே வாங்கிக் கொடுங்கள். மிச்சத்தை நாட்கணக்கில் கொடுக்காமல் முடிந்த கட்டத்துக்குக் கொடுங்கள். இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கொந்தராத்துக்காரர் தன் கீழே வேலை செய்த எலக்ரீசியனுக்கோ மரம் தந்த கடைக்கோ காசு கொடுக்காமல் விட்டால், அவர்கள் உங்கள் வீட்டின் பத்திரத்தில் உரிமைகோரல் பதியலாம். நீங்கள் முழுக்காசும் கொடுத்து முடித்திருந்தாலும் பதியலாம். இதற்காகவே மாகாணக் கட்டுமானச் சட்டம் ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதத்தைப் பிடித்து வைக்கச் சொல்கிறது. உரிமைகோரலுக்கான கெடு 60 நாள். அது கழியும்வரை பிடித்த காசைக் கையில் வையுங்கள். இதை ஒப்பந்தத்திலும் எழுதிவிட்டால் பிறகு "என்னில நம்பிக்கை இல்லையோ" என்ற பேச்சே வராது.

பொறுப்புக் காப்புறுதிச் சான்றிதழையும் டபிள்யூஎஸ்ஐபி (வேலையிடக் காயங்களுக்கான மாகாணக் காப்புறுதிச் சபை) அனுமதிச் சான்றையும் வேலை தொடங்கும் முன் கேளுங்கள். பெரிய வேலை என்றால் உங்கள் வீட்டுக் காப்புறுதிக்காரருக்கும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். பழைய வீடு வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 1990க்கு முந்திய வீட்டின் பரணில் கூழாங்கல் போன்ற வெர்மிகுலைட் குளிர்க்காப்பு கிடந்தால் அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். பரிசோதிக்காமல் யாரையும் கிளற விடாதீர்கள்.

கதவு தட்டுகிறவர்களைப் பற்றி வீட்டில் அம்மா அப்பாவுக்குச் சொல்லி வையுங்கள். பகலில் அவர்கள் மட்டும் இருக்கும் நேரம் பார்த்து, காஸ் கொம்பனியில் இருந்து வருகிறோம், பில்லைக் காட்டுங்கள் என்பார்கள். சுடுதண்ணீர்த் தாங்கி, ஃபேர்னஸ், ஏசி போன்றவற்றை, நீங்கள் அழைக்காமல் வாசலுக்கு வந்து ஒப்பந்தம் எழுதி விற்பது 2018 மார்ச் முதல் ஒன்ராறியோவில் தடை. அப்படி வாங்கிய பொருளின் பேரில் வீட்டுப் பத்திரத்தில் பதிவு போடும் வித்தையையும் 2024இல் சட்டம் நிறுத்தியது. பில்லைக் காட்ட வேண்டாம், உள்ளே விட வேண்டாம், அவ்வளவுதான்.

பிணக்கு வந்தால் தொலைபேசியில் சத்தம் போடாமல் திகதியோடு எழுதி அனுப்புங்கள், படம் எடுத்து வையுங்கள். மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு முறைப்பாடு செய்யலாம். சிறு வழக்கு மன்றத்தின் வரம்பு 2025 ஒக்ரோபரில் 50,000 டொலராகக் கூடியிருப்பதால், பெரும்பாலான பேஸ்மென்ற் வழக்குகள் வழக்கறிஞர் இல்லாமலே அங்கு அடங்கும்.

கடைசிக் காசைக் கொடுக்கும் நாளில் மூன்றைக் கையில் வாங்குங்கள்: மின்வேலை பரிசோதித்து ஏற்றுக்கொள்ளப்பட்ட சான்றிதழ், எச்எஸ்ரி இலக்கத்தோடு முழுப் பில், நகரசபை பெர்மிற்றை மூடியதற்கான கடிதம். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். திறந்தபடி கிடக்கும் பெர்மிற்றை, நீங்கள் வீட்டை விற்கப்போகும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் கண்டுபிடிப்பார். அதற்குள் கொந்தராத்துக்காரரின் தொலைபேசி இலக்கம் மாறியிருக்கும்.