தசம எண்ணை ரவுண்டு செய்யும் முறை

முதலில் எந்த இடம் வரை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். புள்ளிக்கு அடுத்த இலக்கம் பத்தில் ஒன்றாம் இடம். அதற்கடுத்தவை நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று.

திருப்பூரில் ஒரு நூல் மூட்டை, தராசில் 48.376 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறில் ஒன்றாம் இடத்துக்கு வேண்டுமானால் 7-இன் கீழ் கோடு போட்டு, அதன் வலப்பக்க இலக்கத்தை மட்டும் பாருங்கள். அது 0 முதல் 4 வரை என்றால் கோடு போட்ட இலக்கம் அப்படியே நிற்கும். 5 முதல் 9 வரை என்றால் ஒன்று கூடும். இங்கே 6 இருப்பதால் 48.38. பத்தில் ஒன்றாம் இடத்துக்கு 48.4. முழுக் கிலோவுக்கு 48.

கோடு போட்ட இலக்கம் 9 ஆக இருந்தால் ஒன்று இடப்பக்கம் ஏறும். 29.97, பத்தில் ஒன்றாம் இடத்துக்கு 30.0. கடைசி சைபரை விட்டுவிடக் கூடாது. எந்த இடம் வரை கணக்கிட்டோம் என்பதற்கு அதுதான் அடையாளம். முழு எண் பக்கம் போனால் இலக்கங்களை வெட்டிவிடாமல் சைபர் நிரப்ப வேண்டும்: 12,847.6, நூறாம் இடத்துக்கு 12,800. 128 என்று எழுதுகிறவர்களும் உண்டு!

அதிகம் பேர் சறுக்குவது படிப்படியாக ரவுண்டு செய்வதில்தான். 62.346-ஐப் பத்தில் ஒன்றாம் இடத்துக்கு மாற்ற, முதலில் 62.35 ஆக்கி, பிறகு 62.4 என்பார்கள். தப்பு. 3-க்கு அடுத்து இருப்பது 4, ஆகவே விடை 62.3. எப்போதும் மூல எண்ணிலிருந்தே நேராகச் செய்யுங்கள்.

பெருக்குவதற்கு முன் ரவுண்டு செய்தால் பணமே போகும். ஈரோட்டு ஏலத்தில் மஞ்சள் குவிண்டாலுக்கு ரூ.13,250, எடை 3.476 குவிண்டால் என்றால் தொகை ரூ.46,057. எடையை 3.5 ஆக்கிப் பெருக்கினால் ரூ.46,375, வாங்குபவருக்கு ரூ.318 நட்டம். கணக்கை முழுதாக முடித்துவிட்டுக் கடைசித் தொகையை மட்டும் ரவுண்டு செய்யுங்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவும் வரித்தொகையை இதே விதிப்படிதான் முழு ரூபாய் ஆக்குகிறது: 50 காசும் அதற்கு மேலும் ஒரு ரூபாய், குறைந்தால் விட்டுவிடலாம்.

எக்செலில் தசம இடங்களைக் குறைக்கும் பட்டன், காட்டுவதை மட்டுமே மாற்றும். உள்ளே பழைய எண்தான் இருக்கும். மூன்று கட்டங்களில் 1.4 இருந்தால் 1, 1, 1 என்று தெரியும், கூட்டுத்தொகையோ 4 என்று வரும். பில்லில் இது வம்பு. மதிப்பே மாற வேண்டுமானால் ரவுண்ட் ஃபார்முலாவைப் போடுங்கள்.

இந்த விதி செல்லாத இடமும் உண்டு. நாமக்கல் முட்டை 1,000, அட்டைக்கு 30 வீதம் அடுக்கினால் 33.33 வரும். விதிப்படி 33, ஆனால் 10 முட்டை வெளியே நிற்கும். பெட்டி, அட்டை, லாரி நடை எண்ணும்போது மிச்சம் எவ்வளவு சிறிதானாலும் மேலே ஏற்றி 34 என்றே போடுங்கள்.