கப்பலுக்குப் போக முடிவெடுத்தாயிற்றா? டெக்கா, எஞ்சினா, குசினியா என்று தேர்ந்தெடுப்பது எப்படி

"அண்ணை, நான் கப்பலுக்குப் போகப்போறன்" என்று சொல்லி மாதத்துக்கு ஒரு தம்பியாவது எனக்குப் போன் எடுக்கிறார். "கப்பலில் மேலே டெக்கா, கீழே எஞ்சினா?" என்று கேட்டால் பதில் வராது. ஆனால் ஏதோ ஒரு கோர்ஸுக்கு முற்பணம் மட்டும் கட்டி முடித்திருப்பார். அந்த வரிசை தலைகீழ். அதை நேராக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வடமராட்சிக்காரன். வணிகக் கப்பலின் எஞ்சின் பகுதியில் வைப்பராக (துடைத்துத் துப்புரவு செய்பவர்) ஏறி, ஒயிலராகி (எண்ணெய் போட்டு எஞ்சினைக் கவனிப்பவர்), இப்போது பிட்டராக (கழற்றிப் பூட்டித் திருத்துபவர்) இருக்கிறேன். கடல் எங்களுக்குப் புதிது இல்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் தண்டையலோடு, அதாவது பாய்க்கப்பல் தலைவரோடு, ஏறியவன் பாயும் கட்டுவான், சுக்கானும் பிடிப்பான், சோறும் வடிப்பான். இன்றைய கப்பலில் அப்படி இல்லை. ஏறும் முதல் நாளிலேயே ஒரு பகுதிக்குள் போய்விடுவீர்கள், பிறகு பகுதி மாறுவது என்றால் பெரும்பாலும் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

படி 1: காசு கட்ட முன் கண்ணைப் பாருங்கள்

எல்லாவற்றுக்கும் முதல் இதுதான். இரவில் எதிரே வரும் கப்பலின் இடப்பக்கத்தில் சிவப்பு விளக்கு, வலப்பக்கத்தில் பச்சை விளக்கு. எந்த நிறம் தெரிகிறது என்பதை வைத்துத்தான் அது எந்தப் பக்கமாகப் போகிறது, யார் விலக வேண்டும் என்று முடிவெடுப்பார்கள். ஆகவே நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு டெக் பகுதியில் காவல் வேலை, அதாவது முறைவைத்து நின்று கப்பலின் ஓட்டத்தைக் கவனிக்கும் வேலை, கிடைக்காது. புள்ளிகளுக்குள் இலக்கம் ஒளிந்திருக்கும் படங்களைக் காட்டிச் சோதிப்பார்கள்.

என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். டெக் கோர்ஸுக்கு முழுக் காசையும் கட்டி, வகுப்பும் முடித்து, கடைசியில் மருத்துவச் சோதனைக்குப் போன இடத்தில்தான் அவனுக்குச் சிவப்பு பச்சைக் குழப்பம் இருப்பது தெரிந்தது. இருபது வயதுவரை வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவனைச் சேர்த்த இடத்தில் முதல் நாளே ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சோதித்திருக்கலாம், செய்யவில்லை. காசும் திரும்பவில்லை. நகைதான் போனது.

யாழ்ப்பாணத்திலேயே ஒரு கண் வைத்தியரிடம் இந்தச் சோதனையைச் செய்யலாம். கண்ணாடி போட்டால் கப்பல் வேலை இல்லை என்பது பிழையான கதை. கண்ணாடியோடு தேவையான அளவு தெரிந்தால் வழி உண்டு. ஆனால் நிறக் குழப்பத்துக்குக் கண்ணாடி உதவாது. எஞ்சின் பகுதியிலும் நிறம் பார்ப்பார்கள், என்றாலும் டெக் அளவு கடுமை இல்லை. குசினிக்கு, அதாவது சமையல் பகுதிக்கு, அந்தப் பிரச்சினையே இல்லை.

படி 2: மூன்று பகுதிகளில் எது உங்களுடையது?

டெக் என்றால் கப்பலை ஓட்டுவதும் சரக்கைக் கவனிப்பதும். கடலில் நான்கு மணி நேரக் காவல், எட்டு மணி நேர இடைவெளி, திரும்ப நான்கு மணி நேரம். பன்னிரண்டு தொடக்கம் நாலு வரையான காவல் கிடைத்தால் ஒவ்வொரு நாளும் நடுச்சாமத்தில் எழும்ப வேண்டும், மாதக்கணக்கில். காவல் இல்லாத நேரத்தில் துரு தட்டுவது, பெயின்ற் அடிப்பது, கயிறு இழுப்பது. உயரத்துக்குப் பயந்தவருக்கு இது சரிவராது. ஓஎஸ் (தொடக்க நிலை மாலுமி), ஏபி (தேர்ந்த மாலுமி), போசன் (டெக் மாலுமிகளின் தலைவர்) என்று ஏறுவார்கள்.

எஞ்சின் பகுதி என் பகுதி, அதனால் கொஞ்சம் கூடச் சொல்கிறேன். வெப்பம் நாற்பது பாகையைத் தாண்டும். காதுக்கு மூடி போடாமல் நிற்க முடியாத இரைச்சல். வேலைக்கு இறங்கினால் கடலைக் காணவே மாட்டீர்கள். ஆனால் புதிய கப்பல்கள் பலவற்றில் இரவில் எஞ்சின் ரூமில் ஆள் நிற்பதில்லை, அலாரம் அடித்தால்தான் பொறுப்பில் உள்ள எஞ்சினியர் இறங்குவார். ஆகவே பகல் வேலை, இரவில் நித்திரை என்ற ஒழுங்கு ஓரளவு கிடைக்கும். இன்னொன்று, வெல்டிங், லேத், பம்ப் கழற்றிப் பூட்டுவது எல்லாம் கரையிலும் சோறு போடும் தொழில்கள். கடலை விட்டு வந்தாலும் கைத்தொழில் கையோடு வரும்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை என்றால் யோசிக்காமல் டெக்குக்கு அனுப்புவார்கள். அந்தப் பிள்ளை சின்ன வயதிலிருந்து செய்தது என்ன என்று பாருங்கள். கரையில் குந்தி படகு எஞ்சினைக் கழற்றிப் பூட்டியிருந்தால் அவனுடைய இடம் கீழேதான். மீன்பிடிப் படகில் போன வருடங்கள் வணிகக் கப்பலின் கடற்சேவைக் கணக்கில் (கப்பலில் வேலை செய்த காலம்) நேரடியாகச் சேராது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

குசினியைக் கீழாக நினைக்க வேண்டாம். மெஸ்மேனாக (சாப்பாடு பரிமாறும் உதவியாளர்) ஏறிச் சமையற்காரராக உயரலாம். சமையற்காரருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், முறையான பயிற்சியும் வேண்டும். பல நாட்டுக்காரருக்குச் சமைக்கத் தெரிந்தவரைக் கப்பல் விடாது. மின்சாரத்தில் படித்தவர்களுக்கு எலெக்ரோ டெக்னிக்கல் ஒஃபிசர் என்று தனிப் பாதை உண்டு.

படி 3: ஒஃபிசர் கதவா, சாதாரண மாலுமிக் கதவா?

ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு வாசல். உயர்தரத்தில் கணிதம் படித்து, ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் முடியும், வீட்டில் கொஞ்சம் பொறுக்கவும் முடியும் என்றால் கடெற்றாக (பயிற்சி ஒஃபிசர்) ஒஃபிசர் பாதையில் போங்கள். டெக் கடெற்றுக்கு அனுமதி பெற்ற பயிற்சியோடு குறைந்தது 12 மாதம் கடற்சேவை வேண்டும், அதில் 6 மாதம் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், காவல். அதன் பிறகு எழுத்தும் வாய்மொழியும் சேர்ந்த சோதனை.

உடனே சம்பளம் வேண்டும் என்றால் மாலுமி வாசல். டெக்கில் காவல் மாலுமிச் சான்றிதழுக்கு 6 மாதக் கடற்சேவை, அல்லது விசேட பயிற்சியோடு 2 மாதம். அதன் பின் ஏபி ஆக 18 மாதம், பயிற்சி இருந்தால் 12. மாலுமியாக ஏறியவர் ஒஃபிசர் ஆகவே முடியாது என்று இல்லை. 36 மாதக் கடற்சேவை சேர்த்து டெக் ஒஃபிசர் சோதனைக்குப் போகும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. இந்தக் கணக்கெல்லாம் மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய எஸ்ரிசிடபிள்யூ என்ற 1978 ஆம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தத்திலிருந்து வருகிறது, ஆகவே எந்த நாட்டுக் கொடிக் கப்பலுக்கும் இதுதான் அளவுகோல்.

படி 4: எல்லாருக்கும் பொதுவான பயிற்சி

எந்தப் பகுதியானாலும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி இல்லாமல் ஏற முடியாது. உயிர்தப்பும் முறை, தீயணைப்பு, முதலுதவி, தனிப்பட்ட பாதுகாப்பும் பொறுப்பும் என்று நான்கு. அதோடு கப்பல் பாதுகாப்பு விழிப்புணர்வுச் சான்றிதழ். எண்ணெய்க் கப்பலுக்கு என்றால் தனியாக இன்னொரு கோர்ஸ்.

உயிர்தப்பும் பயிற்சியில் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு உயரத்திலிருந்து தண்ணீருக்குள் குதிக்க வேண்டும், கவிழ்ந்து கிடக்கும் மிதவையை நிமிர்த்த வேண்டும், அங்கி இல்லாமல் கொஞ்ச நேரம் மிதக்கவும் வேண்டும். கரையோரத்தில் பிறந்தும் நீந்தத் தெரியாத எத்தனையோ பேரை அங்கே கண்டேன். கொழும்புக்குப் பஸ் ஏற முன் ஊர்க் கேணியில், தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, பழகிவிட்டுப் போங்கள்.

இலங்கை சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் ஒன்று யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது, முதலில் அங்கே போய் விசாரியுங்கள். மாலபேயில் சினெக் போன்ற தனியார் நிறுவனங்களும் உண்டு. எங்கே சேர்ந்தாலும் ஒரே கேள்வி: "இந்தக் கோர்ஸ் வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தின் அங்கீகாரம் பெற்றதா?" கப்பல் மாலுமிப் புத்தகமான சிடிசியும் அந்தச் செயலகத்தால்தான் வழங்கப்படுகிறது. கடவுச்சீட்டு, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எங்கள் பெயர்களை ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதிவைத்திருக்கும், அதைத் திருத்தவே மாதங்கள் போகும்.

படி 5: கோர்ஸ் முடித்தால் மட்டும் வேலை ஆகிவிடாது, கப்பல் கிடைத்தால்தான் வேலை

இதைப் பெற்றோரும் வாசிக்க வேண்டும். சான்றிதழ் வாங்கிக்கொண்டு முதல் கப்பலுக்காக மாதக்கணக்கில் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். கடற்சேவை தொடங்காவிட்டால் மேலே சொன்ன எந்த மாதக் கணக்கும் ஓடாது. ஆகவே சேர முன், "போன வகுப்பில் படித்த எத்தனை பேர் ஏறினார்கள், எந்தக் கம்பனிக்கு?" என்று கேளுங்கள். அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேருடன் நேரே பேசுங்கள்.

அப்புறம் ஏஜென்சி. வேலை எடுத்துத் தருவதற்காக மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது என்று கப்பல் மாலுமிகளின் உரிமைகள் பற்றிய சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் 2006 (எம்எல்சி) தெளிவாகச் சொல்கிறது. மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு, இவற்றின் செலவுதான் உங்களுடையது. "கப்பல் ரெடி, நாளைக்கே லட்சங்கள் கட்டுங்கோ" என்பவரிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள். அவர் அனுமதி பெற்ற முகவரா என்று செயலகத்திலேயே கேட்கலாம்.

கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் சம்பளம், எத்தனை மாதம், திரும்பி வரும் பயணச் செலவு யாருடையது என்பதெல்லாம் இருக்க வேண்டும். அந்தச் செலவு கம்பனியுடையது. ஓய்வு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, ஏழு நாளில் 77 மணி. ஒரு பிரதி உங்கள் கையில், இன்னொன்று வீட்டில் அம்மாவிடம். அதன் மேல் கப்பலின் பெயரோடு ஏழு இலக்க ஐஎம்ஓ இலக்கத்தையும் (ஒவ்வொரு கப்பலுக்கும் உள்ள அடையாள எண்) எழுதி வையுங்கள். கப்பலின் பெயர் மாறும், அன்னபூரணிக்கே அமெரிக்கா போக முன் வேறு பெயர் வைத்தார்கள். இந்த இலக்கம் மாறாது. அதை இணையத்தில் போட்டால் உங்கள் கப்பல் எந்தக் கடலில் நிற்கிறது என்று அம்மா வீட்டிலிருந்தே பார்ப்பா.